கம்பி போடாமல் அடைத்த குழாய்கள்

ஜூன் 3, திங்கள்

ஆலையை நிறுத்தியாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஷட்டவுன். பதினைந்து நாளில் எல்லா எந்திரத்தையும் திறந்து பார்த்து, பழுது நீக்கி, மூட வேண்டும். தென்கரை கெமிக்கல்ஸில் எனக்கு இது பதினாறாவது, கடைசியும்கூட. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். நாலாம் நம்பர் கூலர் ஒழுகுகிறது என்று போன மாதமே பேச்சு அடிபட்டது. “உலகநாதன் இருக்கையில நமக்கென்ன கவலை” என்று மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். இவர் இப்படிப் புகழ்ந்தால் எதையோ என் தலையில் கட்டப்போகிறார் என்று அர்த்தம்.

சாயங்காலம் தேங்காய் அரைத்தேன். மிக்ஸி மேடைமேல் நடக்கிறது. என் மனைவி ஆவுடை இருந்தபோது அடியில் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டிருப்பாள், நகராது. அந்தத் துணி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒரு கையால் மூடியையும் மறு கையால் மிக்ஸியையும் பிடித்துக்கொண்டேன். சுவிட்சை அணைக்க மூன்றாவது கை இல்லை. சட்னி சாந்தாகப் போய்விட்டது.

ஜூன் 4, செவ்வாய்

கூலரைத் திறந்தோம். மகள் செண்பகா ஆறாவது படிக்கும்போது, “கூலர்னா என்னப்பா?” என்று கேட்டாள். பெரிய இரும்பு உருளை, அதற்குள் நீளவாக்கில் அறுநூறு டியூப், சேமியா பாக்கெட் மாதிரி என்று சொன்னேன். டியூப்புக்குள்ளே தண்ணீர் ஓடும். வெளியே கொதிக்கிற வாயு குறுக்கே அடித்துக்கொண்டு போகும். அடிக்கிற வேகத்தில் டியூப் கிடந்து நடுங்கும். நடுங்காமல் பிடித்துக்கொள்ளத்தான் இடையிடையே ஓட்டை போட்ட தகடுகள். டியூப்பெல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகப் போகும். ஓட்டை அரை நூல் அகன்றுவிட்டால் போதும், டியூப் ஆட ஆரம்பித்துத் தகட்டிலேயே உரசி உரசித் தேய்ந்து ஒழுகும். ஒழுகின டியூப்பை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு மற்றதை வைத்து ஓட்டுவோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “அடைச்ச டியூப்பு ஆடாதா?” என்றாள். கெட்டிக்காரி. ஆடும் என்றேன். அதனால்தான் அடைக்கும் முன் உள்ளே முழு நீளத்துக்கு ஒரு கம்பியைச் சொருக வேண்டும் என்றும் சொன்னேன்.

இன்றைக்குச் சோதித்ததில் பத்தொன்பது டியூப் ஒழுகுகிறது. வாயு நுழைகிற வாய்க்குப் பக்கத்தில், ஒரே கொத்தாக. போன ஷட்டவுனில் நாங்கள் அடைத்த பதினோரு டியூப்பைச் சுற்றி.

ஜூன் 6, வியாழன்

இன்ஸ்பெக்ஷன் இன்ஜினியர் தாரிணி கேமராவை விட்டுப் பார்த்தாள். ஈரோட்டுப் பெண், வந்து எட்டு மாதம் ஆகிறது. அதிகம் பேசமாட்டாள், கேள்வி மட்டும் கேட்பாள். எனக்கு ஆகாத குணம். திரையில் பத்தொன்பது டியூப்பிலும் ஒரு பக்கம் மட்டும் உள்ளே நசுங்கியிருந்தது. “இது தகடு உரசின தேய்மானம் இல்லீங்க சார், பக்கத்துல இருந்து எதுவோ அடிச்சிருக்கு” என்றாள். பிறகு அந்தப் பதினோரு டியூப்பில் கம்பி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். பேப்பரைக் காட்டினேன். “கம்பி சொருகி அடைக்கப்பட்டது. செய்தது: சேவியர் மச்சாது குழு. சரிபார்த்தது: உலகநாதன்.” என் கையெழுத்து இருக்கிறது. அவள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் பேப்பரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு முந்தைய டைரியைத் தேடி எடுத்தேன். அதிலும் அப்படியேதான் இருக்கிறது. “11 டியூப். கம்பி போட்டு அடைத்தாயிற்று. 4.20.” முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் டைரி தப்பாக இருக்காது.

ஜூன் 7, வெள்ளி

ரசத்தில் உப்பு அதிகம். முழுவதையும் குடித்தேன்.

ஜூன் 8, சனி

அடைப்பைக் குடைந்து எடுத்துப் பார்க்கலாம் என்றாள் தாரிணி. வேண்டாத வேலை என்று நான் சொன்னது எடுபடவில்லை. முதல் டியூப்பில் கம்பி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பதினொன்றிலும் இல்லை. மூன்று டியூப் முதல் தகட்டோரமாக அறுந்து உள்ளேயே கிடந்தன. முனையை அடைத்துவிட்டதால் அது அறுந்தது யாருக்கும் தெரியவில்லை. அறுந்த பிறகும் வாயு அடிக்க அடிக்க ஆடி, பக்கத்தில் நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த டியூப்புகளை இரண்டு வருஷமாக இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மச்சாது கொஞ்சம் தள்ளி நின்றான். எங்களுக்குக் கான்ட்ராக்ட் ஃபிட்டர், இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறான், ஆறு பேரை வைத்து நடத்துகிறான். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

செண்பகா மதுரையிலிருந்து போன் செய்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் செய்வாள், இரண்டு நிமிஷம் பேசுவாள். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. அம்மாவின் நினைவு நாள் பதினெட்டாம் தேதி வருகிறது, படையல் போடுகிறேன், இந்த வருஷமாவது வருவீர்களா என்று கேட்டாள். ஷட்டவுன் என்றேன்.

“அன்னைக்கும் ஷட்டவுன்தாம்பா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் அம்மா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இந்தக் கூலர் வேலையில் இருந்தேன். அதனால்தான் கடைசி நேரத்தில் போக முடியவில்லை. அவளுக்கு அது ஆறவில்லை. பொறுப்பான வேலையில் இருக்கிறவனின் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது.

ஜூன் 10, திங்கள்

மேனேஜர் அறையில் கூட்டம். ஸ்டோரிலிருந்து பதினோரு கம்பி வாங்கியதாகக் கணக்கு இருக்கிறது, டியூப்பில் கம்பி இல்லை, அப்படியானால் மச்சாது அவற்றை வெளியே விற்றுவிட்டான் என்று மேனேஜர் முடிவுகட்டினார். “உங்களை நல்லா ஏமாத்திட்டான்” என்று என்னிடம் பரிதாபப்பட்டார். மச்சாதுவின் கேட் பாஸை நிறுத்திவைத்துவிட்டார்கள். சனிக்கிழமை ரத்து செய்வார்களாம். திருட்டு என்று எழுதி ஒரு ஆலையில் பாஸைப் பிடுங்கினால் இந்தக் கடற்கரையில் எந்த ஆலையும் அவனை உள்ளே விடாது. ஐம்பது வயதில் அவன் எங்கே போவான்? அவனை நம்பி இருக்கும் ஆறு பேர்?

தாரிணி மட்டும், சரிபார்த்தவர் எப்படிச் சரிபார்த்தார் என்று கேட்டாள். உலகநாதன் வீட்டில் அன்றைக்கு ஒரு துக்கம், அதையெல்லாம் கிளறாதே என்று மேனேஜர் அடக்கிவிட்டார். நான் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டூல்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போனேன். சாக்கில் சுற்றிய கட்டு சுவரோரம் வைத்த இடத்திலேயே கிடந்தது. எண்ணினேன். பதினொன்று இருந்தது. திரும்ப மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

மச்சாது குவார்ட்டர்ஸுக்கு வந்தான். வருகிறவன் ஒரு பை நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்தான். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான். தன் பாஸைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான்.

“அண்ணாச்சி, நீங்க மனச போட்டு அலட்டிக்கிடாதீங்க. கம்பிய விட்டுருன்னு நீங்க சொன்னத நான் எங்கயும் சொல்ல மாட்டேன். மதினி சாகக் கிடக்காவ, மக போன் போட்டு அழுவுது. கம்பி சொருகுனா எட்டு மணி ஆயிரும். வேலை என்ன பெரிய வேலை? நீங்க போய்ச் சேரணும்னுதான விட்டோம். அது தப்பே கெடையாது. நான் எங்கயாவது பொழச்சுக்கிடுதேன்.”

கருவாட்டை வாங்கி உள்ளே வைத்தேன். அவன் செருப்பைப் போடும்போது, “கடைசியில மதினி ஒங்ககிட்ட எதும் பேசினாவளா அண்ணாச்சி?” என்று கேட்டான். பேசினாள் என்றேன்.

ஜூன் 12, புதன்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

பழைய டைரியைத் திரும்ப எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். “கம்பி போட்டு அடைத்தாயிற்று.” நான் தனியாக உட்கார்ந்து, யாரும் படிக்காத நோட்டில், எனக்கு நானே எழுதிய பொய். எந்தப் புத்தி இதை எழுதச் சொன்னது? செருப்பால் அடிக்க வேண்டும் அந்தப் புத்தியை. இன்று சரியாக எழுதிவிடுகிறேன்.

அன்று மூன்று மணிக்குச் செண்பகா போன் செய்தாள். “அம்மா உங்களத்தான் கேக்கா, உடனே வாங்க” என்றாள். டாக்டர் ராத்திரி தாண்டாது என்று சொல்லிவிட்டாராம். நான் மச்சாதுவைக் கூப்பிட்டு, கம்பி வேண்டாம், அடைத்து மூடு என்றேன். 4.20க்கு அடைத்து முடித்தார்கள். கம்பி சொருகியதாகக் கையெழுத்துப் போட்டேன். “ஓடுங்க அண்ணாச்சி” என்று மச்சாது என் ஹெல்மெட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். பாளையங்கோட்டைக்கு ஒரு மணி நேரம். 4.40க்கு முதல் பஸ் வந்தது. ஏறவில்லை. கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகலாம் என்று நினைத்தேன். அடுத்தது காலியாக வந்தது. அதிலும் ஏறவில்லை.

பயம். வேறொன்றும் இல்லை. ஆவுடை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், என்னைப் பார்த்துவிட்டால் போய்விடுவாள், நான் போகாதவரைக்கும் எனக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் நான் வருகிறவரை சாப்பிடாமல் இருந்தவள்தானே, இன்றைக்கும் காத்திருப்பாள் என்று நினைத்தேன். ஏழு பஸ் போனது. கண்டக்டர்கள் இறங்கி என் முகத்துக்கு நேரே ஊர்ப் பெயரைக் கூவினார்கள். 7.35க்குச் செண்பகா போன் செய்தாள். எட்டாவது பஸ்ஸில் போனேன்.

அவளிடம் போவதற்காக வேலையை விட்டேன் என்று மச்சாது நினைக்கிறான். வேலையை விட முடியாமல் அவளிடம் போகவில்லை என்று செண்பகா நினைக்கிறாள். நான் இரண்டையும் செய்யவில்லை. எழுதி முடித்துவிட்டேன்.

மச்சாதுவைக் காப்பாற்ற வேண்டுமானால் கம்பி வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் செண்பகா காதுக்கும் போகும். பொறுப்பான வேலை, விட்டு வர முடியவில்லை என்று இத்தனை நாள் அவளிடம் சொன்னதெல்லாம் அதோடு தீர்ந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை போனும் வராது. வாரத்தில் வேறு யாரும் எனக்குப் போன் செய்வதில்லை.

ஜூன் 14, வெள்ளி

முதலில் மச்சாதுவிடம் சொன்னேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்து. பஸ் ஸ்டாப் அங்கிருந்தே தெரிகிறது, கையைக் காட்டிச் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப யாருக்காவ விட்டோம் அண்ணாச்சி?” என்றான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போய் எழுதிக்கொடுத்தேன். கம்பி வேண்டாம் என்று சொன்னது நான், பொய்யாகக் கையெழுத்திட்டது நான், கம்பிகள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இன்னும் பதினோரு மாதம்தான் உங்களுக்கு, எதற்கு இதெல்லாம், மச்சாதுவோடு போகட்டுமே, இந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். நல்ல மனுஷர்தான், எனக்காகத்தான் சொன்னார். அதற்குமேல் நின்றால் தலையாட்டிவிடுவேன் என்றுதான் பேப்பரை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். மத்தியானத்துக்குள் உத்தரவு வந்தது. இனி எந்த வேலையையும் நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட முடியாது. மச்சாதுவின் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தாரிணி வராந்தாவில் நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். “நாளைக்கு கம்பி சொருகறப்ப நீங்க வாங்க சார், அந்த இடம் உங்களுக்குத்தான் தெரியும்” என்றாள். கேள்வியில்லாமல் அவள் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

ஜூன் 15, சனி

மச்சாது குழு வந்தது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. சாக்கிலிருந்த பதினோரு கம்பியையும் துரு போகத் தேய்த்தோம், ஸ்டோரிலிருந்து பத்தொன்பது புதிதாக வந்தது. இருபது அடிக் கம்பி. ஒருவர் முனையைப் பிடித்து டியூப்புக்குள் நேராக வைக்க, பின்னால் ஒருவர் தாங்கித் தள்ள வேண்டும். பின்னால் தாங்க ஆள் குறைந்தது. நான் போய்ப் பிடித்தேன். மச்சாது என் கையைப் பார்த்தான், தள்ளினான்.

ஒவ்வொரு கம்பி உள்ளே போகும்போதும் சத்தமாக எண்ணினான். வழக்கமாக எண்ணமாட்டான். பதினொன்று வந்ததும் நிறுத்தி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். பிறகு பன்னிரண்டு என்றான். முப்பதையும் சொருகி அடைத்தபின் வாயுவின் வாய்க்கு நேரே, வரிசைக்கு வரிசை இடையில் மெல்லிய இரும்புப் பட்டைகளைச் சொருகினோம். இனி நல்ல டியூப்புகளுக்கும் ஒன்றுக்கொன்று பிடிமானம் இருக்கும். தாரிணி ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

போகும்போது மச்சாது, “கருவாட்ட வெயில்ல காய வைங்க, பூத்துரும்” என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 16, ஞாயிறு

பத்து மணி போனை வீட்டில் உட்கார்ந்து எடுக்க மனம் வரவில்லை. நடந்துபோய் அந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை, ஷிப்ட் விட்டால் டீக்கடை வழியாகவே போய்விடுவேன். பத்து மணிக்குச் செண்பகா போன் செய்தாள். சாப்பிட்டீங்களா என்றாள்.

இல்லை என்றேன்.

செண்பகா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, “பாளையங்கோட்ட, பாளையங்கோட்ட” என்று கூவினான். என் காதுக்கே வலித்தது. பஸ் கிளம்பிப் போனது.

“அதே பஸ் ஸ்டாப்பாப்பா?” என்றாள்.

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அன்னைக்கு அம்மா போயிட்டான்னு சொல்ல போன் பண்ணும்போது, பின்னாடி இதே சத்தந்தான் கேட்டுச்சு. நீங்க வேலையில இருக்கேன்னு சொன்னீங்க. ஆலைக்குள்ள கண்டக்டர் எப்படி வந்தான்னு நான் கேக்கல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். எத்தன ஞாயித்துக்கிழம கேட்டேன், சாப்பிட்டீங்களா சாப்பிட்டீங்களான்னு. ஒரு நாளாவது உண்மையச் சொன்னா இதையும் சொல்லுவீங்கன்னு.”

சொன்னேன். ஏழு பஸ்ஸையும் சொன்னேன். அம்மா காத்திருப்பாள் என்று நான் நினைத்ததையும் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், ஸ்டாப்பில் நின்ற ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மன்னித்துவிட்டேன் என்று செண்பகா சொல்லவில்லை. “அது எனக்கு வரமாட்டேங்குதுப்பா. அம்மா அஞ்சு மணிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா. நான் ஒருத்தியா பக்கத்துல இருந்தேன்” என்றாள். பிறகு, “நீங்களும் அங்க ஒத்தையிலதான் இருந்திருக்கீங்க” என்றாள்.

நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறோம்.

ஜூன் 17, திங்கள்

கூலரில் வாயு விட்டார்கள். இரும்பின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருக்கிறது, நடுக்கம் இல்லை. கருவாட்டை வெயிலில் வைத்தேன். நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலை 5.50. பஸ் ஸ்டாப். முதல் பஸ் வந்தது. கூட்டமாகத்தான் இருந்தது. ஏறிவிட்டேன், பாளையங்கோட்டைவரை நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து மதுரை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செண்பகா இரண்டு தடவை போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். நான் வந்தபிறகுதான் இலை போடுவாளாம்.